சகுனிப் பகடையும் சீட் லாரியும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ‘செய்கிறார்கள்’ என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. பாதிதான் சார் நிஜம். பாடியை அடித்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடிப்பதெல்லாம் அவர்கள் வேலைதான். மீதிக்குக் கோர்க்கிறார்கள். டயர் ஒரு கம்பெனி, கண்ணாடி இன்னொரு கம்பெனி, ஹெட்லைட் வேறு கம்பெனி, உட்காரும் சீட் எங்களை மாதிரி ஒரு கம்பெனி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வந்தபோதும் இதே கதைதான். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தபோதும் இதே கதைதான். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதைச் சுற்றிக் கல்யாண வீட்டு உறவினர்கள் மாதிரி வெண்டார் கம்பெனிகள் வந்து இறங்கிவிடும்.

ஒரகடத்தில் அப்படி ஒரு வெண்டார் கம்பெனியில், சிஸ்டம்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறேன். ‘சாஃப்ட்வேர்ல இருக்கியாமே, தினம் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவியா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எழுதுவதும் பாதிதான். மீதியை நாங்களும் கோர்க்கிறோம்!

ஒரு எண்ணுக்கு ஸ்கொயர் ரூட் வேண்டுமா? யாரோ, எப்போதோ, எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகும். இதற்குப் பெயர் லைப்ரரி ஃபங்ஷன். ஏன் லைப்ரரி என்றால், நிஜமாகவே ஒரு காலத்தில் அது லைப்ரரியாகத்தான் இருந்தது. 1949-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்ஸாக் என்று ஒரு கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. டேவிட் வீலர் என்கிற ஆராய்ச்சி மாணவரும் நண்பர்களும், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைக் காகித நாடாவில் ஓட்டை போட்டு பீரோவில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர்கள் எடுத்து, தங்கள் நாடாவில் காப்பி பண்ணிக்கொள்ள வேண்டியது. இன்றைக்கு பீரோ போய் இன்டர்நெட் வந்துவிட்டது. பழக்கம் மாறவில்லை.

நல்ல பழக்கம்தான். ஆனால் கார் கம்பெனிக்காரர்கள் வெண்டாரிடம் செய்கிற ஒரு வேலையை நாங்கள் செய்வதில்லை. இங்கே எங்கள் சீட் போய் இறங்கினால் அளவு பார்ப்பார்கள், தையல் பார்ப்பார்கள். ஒரு போல்ட்டில் பிசகு என்றால் லாரியோடு திருப்பி அனுப்புவார்கள். ‘இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று அதற்குத் தனி டிபார்ட்மென்ட்டே உண்டு. லைப்ரரி ஃபங்ஷனுக்கு? ‘எர்ரர் வரலை, ஓடுது, அனுப்பு!’ அவ்வளவுதான்.

ஓடுவது வேறு சார், சரியாக ஓடுவது வேறு. ஒரே ஒரு ஃபங்ஷனை வைத்து இதைக் காட்டுகிறேன். பகடை உருட்டுகிற ஃபங்ஷன்.

லாரி எப்போ வரும்?

கார் கம்பெனி சீட்டை வாங்கி கோடவுனில் அடுக்குவதில்லை. எந்தக் காருக்கு எந்தக் கலர் என்று வரிசை மாறாமல், அந்தந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். லேட் ஆனால் லைன் நிற்கும். லைன் நின்றால் போன் வரும். அந்த போனில் பேசப்படும் தமிழ் அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.

ஒரு உதாரணக் கணக்கு. எங்கள் லாரி கிளம்பும்போது அங்கே அறுபது நிமிஷத்துக்குச் சீட் இருக்கிறது. டிராஃபிக்கைப் பொறுத்து, போய்ச் சேர 30 முதல் 70 நிமிஷம் ஆகும். சராசரி ஐம்பது. ‘அறுபதுக்கு ஐம்பது, பத்து நிமிஷம் கையில இருக்கே, அப்புறம் என்ன?’ என்பார் சராசரி மேனேஜர்.

எந்த நிமிஷத்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், முப்பதிலிருந்து எழுபது வரை உள்ள நாற்பதில் கடைசிப் பத்து நிமிஷம் அறுபதைத் தாண்டியது. அதாவது நாலு டிரிப்பில் ஒரு டிரிப் லேட். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டிரிப் என்றால் மூன்று தடவை லைன் நிற்கும்! முதல் லாரி இருபது நிமிஷம் முன்னால் போனது, பின்னால் வரும் லாரி லேட் ஆனதற்கு ஈடாகாது. காலையில் இரண்டு தடவை டிபன் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பட்டினி கிடக்கிற மாதிரி.

ஒரு லாரிக்கு இது பென்சில் கணக்கு. பத்து லாரி, கேட்டில் க்யூ, இறக்குகிற ஆட்கள், ஷிஃப்ட் மாறும் நேரம் என்று சேர்ந்துகொண்டால் பென்சில் உடைந்துவிடும். அப்போதுதான் சிமுலேஷன். ஒரு நாளைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பது. ஒரு நாள் அல்ல, ஒரு லட்சம் நாள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப நேரம் வைத்து, கடைசியில் எத்தனை தடவை லைன் நின்றது என்று எண்ணினால் விடை.

இந்த வித்தைக்கு மான்டி கார்லோ என்று பெயர். 1946-ல் ஸ்டானிஸ்லா உலாம் என்கிற கணித நிபுணர், உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தபோது, தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். (இது வேறு சீட்டு!) ஆட்டம் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்து அலுத்துப் போய், ‘பேசாமல் நூறு ஆட்டம் ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன?’ என்று யோசித்தார். அதை வைத்து அவரும் வான் நியூமனும் அணுகுண்டு ஆராய்ச்சிக் கணக்கையே போட்டார்கள். பெயர் மட்டும் மொனாக்கோவின் சூதாட்ட விடுதியிலிருந்து வந்தது.

ஒரே விடை, என்ன துல்லியம்!

எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் லாரி சிமுலேஷனை சி மொழியில் எழுதிக்கொண்டு வந்தான். கெட்டிக்காரன். மேனேஜர் எதிரில் ஓட்டிக் காட்டினான். திரும்ப ஓட்டச் சொன்னார். அதே விடை. மறுபடி ஓட்டினான். கடைசி எண் வரைக்கும் அதே விடை. மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது. ‘பாருய்யா, என்ன அக்யூரஸி!’

துல்லியமும் இல்லை, ஒன்றும் இல்லை. சி மொழியின் பகடைக்கு ‘ராண்ட்’ என்று பெயர். கம்ப்யூட்டருக்குப் பகடை உருட்டத் தெரியாது சார். ஒரு எண்ணைப் பெருக்கு, கூட்டு, மீதியை எடு என்று சூத்திரம் போட்டு அடுத்த எண்ணைத் தயாரிக்கும். பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும், அவ்வளவுதான். முதல் எண்ணுக்கு ‘ஸீட்’ என்று பெயர், அதாவது விதை. விதை ஒன்று என்றால் விளைச்சலும் ஒன்று. நீங்கள் விதை கொடுக்காவிட்டால், ராண்ட் தானாகவே 1 என்கிற விதையைப் போட்டுக்கொள்ளும். அது அந்த மொழியின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, ஒரு லட்சம் நாள் என்று நாங்கள் பார்த்தது, தினமும் அதே ஒரு லட்சம் நாள்!

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சிமுலேஷனுக்கு இது பெரிய வசதி. இரண்டு கேட் இருந்தால் நல்லதா, இரண்டு லாரி கூடுதலாக விட்டால் நல்லதா என்று ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதையைப் போட்டால் இரண்டு திட்டமும் ஒரே டிராஃபிக்கைச் சந்திக்கும். ஒரே ஓவரை இரண்டு பேட்ஸ்மேனுக்கும் போட்டுப் பார்க்கிற மாதிரி. ‘அவனுக்கு ஃபுல் டாஸ் போட்டீங்க, எனக்கு யார்க்கர் போட்டீங்க’ என்று யாரும் புலம்ப முடியாது. அதற்குப் பிறகு வேறு வேறு விதைகளைப் போட்டு, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டம்தான் நிஜமான துல்லியம். எந்த விதை என்று ரிப்போர்ட்டில் எழுதியும் வைக்க வேண்டும். பையனுக்கு இதைச் சொன்னதும் அரை மணி நேரத்தில் செய்துவிட்டான்.

இன்னொரு சங்கதி. மைக்ரோசாஃப்ட்டின் சி-யில் இந்த ராண்ட் கொடுப்பது 0 முதல் 32,767 வரைதான். மொத்தம் 32,768 எண்கள். ஒரு கோடி தடவை உருட்டினாலும் அந்தப் பகடைக்கு 32,768 முகம்தான். இந்த 32,768-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

பகடையே கோணல் என்றால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1960-களில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களில் ‘ராண்டு’ என்று ஒரு பகடை ஃபங்ஷன். முந்தைய எண்ணை 65,539-ஆல் பெருக்கு என்பது சூத்திரம். உலகமெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் உருட்டினார்கள். இந்த மாதிரிச் சூத்திரப் பகடைகள் எண்களைத் தட்டுத் தட்டாகத்தான் போடும் என்று 1968-ல் ஜார்ஜ் மர்சாக்லியா என்பவர் கணக்கோடு நிரூபித்தார். ராண்டுவின் எண்களை மும்மூன்றாக எடுத்து ஒரு கனசதுரப் பெட்டிக்குள் புள்ளி வைத்தால், கேசரியில் முந்திரி மாதிரி அங்கங்கே பரவி இருக்க வேண்டும். ராண்டு வைத்த புள்ளிகள் வெறும் 15 அடுக்கில் விழுந்தன, பரோட்டா மாதிரி! பல வருஷங்களாக அதை வைத்துப் போட்ட ஆராய்ச்சிக் கணக்குகளின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இப்போது நிலைமை பரவாயில்லை. 1998-ல் ஜப்பானின் மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட ‘மெர்சென் ட்விஸ்டர்’ பிரமாதமான பகடை. வந்த வரிசை திரும்ப வருவதற்கு எத்தனை தடவை உருட்ட வேண்டும் என்று எழுதினால், அந்த எண்ணில் மட்டும் 6,002 இலக்கங்கள் இருக்கும். பைத்தான் மொழியில் ‘ராண்டம்’ என்று கூப்பிட்டால் வருவது இவர்தான்.

பகடையில் இல்லாத ஏழு

பகடை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் முகங்களில் என்ன எழுதுகிறோம் என்பது லைப்ரரி வேலை இல்லை, நம் வேலை.

2015 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கிறதா? ஹூண்டாய், ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு என்று சென்னையைச் சுற்றியிருந்த வாகனக் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்தி வைத்தன. முப்பது முதல் எழுபது நிமிஷம் என்று எழுதிய பகடையில், ‘லாரி இன்றைக்கு வராது’ என்கிற முகமே கிடையாது. ஆறு முகப் பகடையைக் கோடி தடவை உருட்டினாலும் ஏழு விழாது.

அதனால் எங்கள் சிமுலேஷனில் நேரம் போடுவதற்கு முன்னால் லாரி டிரைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். ஒரு அண்ணன் சொன்னார்: ‘சார், ரோடு லேட் ஆக்காது சார். கேட்டுதான் லேட் ஆக்கும். பேப்பர் சரியில்லைன்னு ஓரங்கட்டிட்டாங்கன்னா முடிஞ்சது கதை.’

எந்த லைப்ரரியிலும் இல்லாத டேட்டா அது. அந்தப் ‘பேப்பர்’தான் நம்மை அடுத்த பாதிக்குக் கொண்டுபோகிறது.

சகுனி வந்துட்டான்

இப்போது பேப்பர் காகிதத்தில் இல்லை. லாரி கிளம்பும்போதே, எத்தனை சீட், என்ன வரிசை, எந்த வண்டி என்று எங்கள் கம்ப்யூட்டர் அவர்கள் கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பிவிட வேண்டும். சேதி போகாவிட்டால் லாரிக்குக் கேட் திறக்காது. ஈ-வே பில்லும் 2018 ஏப்ரலிலிருந்து கம்ப்யூட்டர் மூலம்தான். எல்லாம் இன்டர்நெட் வழியாகப் போகிறது. வழியில் யாரும் படிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. அதற்காகப் பூட்டி அனுப்புகிறோம். பேங்க் வெப்சைட்டில் பூட்டுப் படம் போடுவார்களே, அதே வித்தை.

ரகசிய மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னவர் ராமானுஜர். அவர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். மோட்சத்துக்கு அது சரி. பாஸ்வேர்டுக்குச் சரிப்படாது.

இரண்டு கம்ப்யூட்டர்கள் ரகசியமாகப் பேச ஆரம்பிக்கும்போது, அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு புதுச் சாவி செய்துகொள்ளும். சாவியை எப்படிச் செய்வது? பகடை உருட்டித்தான்! 128 பிட் சாவி என்றால் 39 இலக்க எண்ணிக்கையில் சாவிகள் சாத்தியம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் திருடனுக்கு ஆயுள் போதாது. ஆனால் அது நேர்மையான பகடையாக இருந்தால்தான்.

மகாபாரதத்தில் தர்மர் தோற்றது சூதாட்டத்தில் அல்ல சார். பகடை என்ன விழும் என்று எதிராளிக்குத் தெரிந்திருந்தது, அதில்தான். சிமுலேஷனில் எதிராளி கிடையாது. டிராஃபிக் நம்மை ஏமாற்ற நினைப்பதில்லை. நெட்வொர்க்கில் சகுனி உட்கார்ந்திருக்கிறான். அங்கே பகடை தாறுமாறாகத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தது என்ன என்று எவனாலும் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும்.

சிமுலேஷனுக்குத் தங்கமான மெர்சென் ட்விஸ்டர் இங்கே தகரம். அது போட்ட எண்களில் 624-ஐ முழுசாகப் பார்த்துவிட்டால், அப்புறம் வரப்போகும் எல்லா எண்ணையும் சகுனி சொல்லிவிடுவான். அதனால்தான் பைத்தான்காரர்களே ‘பாதுகாப்பு வேலைக்கு ராண்டத்தைத் தொடாதே’ என்று எழுதி வைத்து, 2016 டிசம்பரில் வந்த 3.6-ல் ‘சீக்ரெட்ஸ்’ என்று தனி லைப்ரரியே கொடுத்தார்கள். இரண்டும் பகடைதான். ஒன்று ஆராய்ச்சிக்கு, ஒன்று பூட்டுக்கு. மாற்றிப் போட்டாலும் எர்ரர் வராது. அதுதான் ஆபத்து.

பெரிய மனிதர்களே மாட்டியிருக்கிறார்கள். 1995-ல் உலகமே நெட்ஸ்கேப் பிரவுசரில்தான் இன்டர்நெட் பார்த்தது. அதன் ரகசியச் சாவிக்கு விதை என்ன தெரியுமா? கடிகார நேரமும், ஓடுகிற புரோகிராமின் வரிசை எண்களும். பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் என்கிற இரண்டு மாணவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ‘எத்தனை மணிக்குச் சாவி செய்தான்?’ என்று தெரிந்தால் மீதியைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே தேடிப் பிடித்துவிடலாம். இரும்புப் பெட்டி வாங்கி, சாவியை வாசல் மாடத்தில் வைத்த கதை.

அடுத்தது இன்னும் பரிதாபம். இந்தப் பூட்டு வேலைக்குப் பாதி உலகம் உபயோகிக்கும் லைப்ரரி ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ 2006-ல் டெபியன் என்கிற லினக்ஸ் வகையில் அதைச் சேர்த்தபோது, ஒரு சோதனை புரோகிராம் ‘இந்த வரியில் ஏதோ சந்தேகம்’ என்று எச்சரிக்கை கொடுத்தது. எச்சரிக்கை வராமல் இருக்க வரியையே எடுத்துவிட்டார்கள். பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்த வரி அது! மிச்சம் இருந்த ஒரே குலுக்கல், புரோகிராமின் வரிசை எண். அது எத்தனை வகை? 32,768. ஞாபகம் இருக்கிறதா? 39 இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இலக்கம். 2008 மே மாதம் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, ஒன்றரை வருஷத்துக்கும் மேல் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எர்ரர்கூட வரவில்லை.

சரி, கம்ப்யூட்டர் நேர்மையான பகடைக்கு எங்கே போகும்? வெளி உலகத்துக்குத்தான். நீங்கள் கீபோர்டு தட்டும் இடைவெளி, டிஸ்க் திணறும் நேரம், மின்சாரச் சலசலப்பு என்று சூத்திரத்துக்கு அடங்காத குப்பைகளை ஆபரேட்டிங் சிஸ்டம் பொறுக்கிச் சேர்த்துக் கலக்கி வைக்கும். க்ளவுட்ஃப்ளேர் என்கிற கம்பெனி, சான்ஃபிரான்சிஸ்கோ ஆபீஸில் ஒரு சுவர் முழுக்க லாவா விளக்குகளை வைத்து, அதற்குள் மெழுகு மிதப்பதைக் கேமராவில் பிடித்துக் கலவையில் சேர்க்கிறது. வீண் செலவு! சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் ஒரு கேமரா வைத்தால் போதும். அடுத்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

நாற்பது ரூபாய் பேட்டரி

சாவி பலமாக இருந்தால் போதுமா? யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் சர்டிபிகேட். ‘நான் இன்ன கம்பெனி சர்வர்தான்’ என்று எதிர்ப்பக்கம் நீட்டும் அடையாள அட்டை. அதில் பெயர் இருக்கும், யார் கொடுத்தது என்று இருக்கும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். இவற்றைச் சரிபார்ப்பது லைப்ரரி ஃபங்ஷன்.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட். கரன்ட் போய் வந்தது. டிஸ்பாட்ச் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து சேதி போகவில்லை. லாரி லோடு ஏற்றி நிற்கிறது. ‘சர்டிபிகேட் எர்ரர்’ என்கிறது திரை. வெளியிலிருந்து மெயின்டனன்ஸுக்கு வரும் தம்பி, ‘சார், ரெண்டே நிமிஷம். வெரிஃபை ஈக்வல்ஸ் ஃபால்ஸ்னு போட்டா ஓடிடும்’ என்றான். சரிபார்க்கும் வேலையை நிறுத்திவிடு என்று அர்த்தம். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, ‘போட்டுடச் சொல்லுங்க சார், லைன் நின்னா நான்தான் பதில் சொல்லணும்’ என்று கையைப் பிசைந்தார். அவர் பயமும் நியாயமான பயம்தான்.

‘தம்பி, போட்டா ஓடும். யார்கிட்ட ஓடும்?’ என்று கேட்டேன். சரிபார்க்காமல் பூட்டி அனுப்புவது என்றால், நடுவில் எவன் அட்டை நீட்டினாலும் அவனிடம் பெட்டியையும் கொடுத்து, சாவியையும் கொடுத்து, கும்பிடும் போட்டுவிட்டு வருவது. எங்கள் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள்தான் போகிறது. ராத்திரி அவசரத்தில் போட்ட அந்த ஒரு வரியை அப்புறம் யார் எடுக்கப் போகிறார்கள்? அது ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருக்கும்.

எர்ரரை முழுசாகப் படித்தோம். ‘இந்த சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்றிருந்தது. வரவில்லையா? திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால், 2009 ஜனவரி 1! போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப்போய், கரன்ட் போனதும் கடிகாரம் பிறந்த நாளுக்குப் போய்விட்டது. 2009-ல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இந்த வருஷத்து சர்டிபிகேட் எதிர்காலத்தில்தானே இருக்கும்? தேதியைத் திருத்தினோம், சேதி போனது, லாரி கிளம்பியது. மறுநாள் நாற்பது ரூபாயில் பேட்டரி. கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகத் தானே திருத்திக்கொள்ளவும் ஏற்பாடு செய்தோம். பூட்டு சரியாகத்தான் வேலை செய்தது. சிணுங்கியதால்தான் செத்த பேட்டரி தெரிந்தது.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனசில்லை. 2012-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிரவுசர் அல்லாத புரோகிராம்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அமேசான், பேபால் கொடுத்த லைப்ரரிகளிலேயே இந்தச் சரிபார்ப்பு ஓட்டையாக இருந்தது. அதில் ஒரு வேடிக்கை. ‘கர்ல்’ என்று பிரபலமான லைப்ரரி. சர்வரின் பெயரைச் சரிபார்க்க ஒரு ஸ்விட்ச். பலர் நல்ல எண்ணத்தோடு ‘ட்ரூ’, அதாவது ஆமாம் என்று போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ட்ரூ என்றால் 1. ஆனால் அந்த ஸ்விட்ச்சில் 1 என்றால் ‘அட்டையில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா பார்’ என்று மட்டும் அர்த்தம்! பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க 2 போட வேண்டும். ‘ஆமாம், சரிபார்’ என்று எழுதியும் சரிபார்க்கவில்லை. அதே வருஷம் நவம்பரில், 1 போட்டால் எர்ரர் கொடுக்கும்படி கர்ல்காரர்கள் மாற்றினார்கள். பைத்தானோடு வரும் லைப்ரரியும் 2014 டிசம்பரில் வெளியான 2.7.9-க்கு முன்னால், நாமாகக் கேட்டால் ஒழிய சர்டிபிகேட்டைச் சரிபார்த்ததில்லை.

வெண்டாருக்கும் வயிறு உண்டு

கடைசியாக ஒன்று. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்ப்ளீட்’ என்று ஒரு ஓட்டை வெளியானது. அதே ஓப்பன் எஸ்.எஸ்.எல்.தான். ‘இந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லு, நாலு எழுத்து’ என்றால் சொல்லும். அதே நாலு எழுத்து வார்த்தையைக் கொடுத்து ‘64,000 எழுத்து’ என்று பொய் சொன்னால், அளவு பார்க்காமல் தன் மெமரியில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். இரண்டு வருஷமாக இருந்த ஓட்டை.

அப்போதுதான் எல்லோரும் அந்த லைப்ரரியைச் செய்கிறவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். முழு நேர வேலையில் ஒரே ஒரு ஆள்! வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஓசியில் வாங்கி மாட்டிய பூட்டு. எங்கள் பக்கத்தில் எந்த வெண்டாரிடமாவது, ‘உன்கிட்ட எத்தனை பேர் வேலை செய்றாங்க, மிஷின் என்ன, டெஸ்டிங் உண்டா?’ என்று கேட்காமல் ஒரு ஸ்க்ரூ வாங்குவார்களா? அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் போட ஆரம்பித்தன.

ஆகவே, மகாஜனங்களே! லைப்ரரி வேண்டாம், நானே பூட்டு செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது இதைவிட மோசம். வாங்குங்கள். வாங்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். இது எந்த வேலைக்காகச் செய்தது? நான் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக என்ன செய்யும்? தப்பாகப் போனால் கத்துமா, கத்தாதா? செய்தவர்கள் இன்னும் பழுது பார்க்கிறார்களா, புது வெர்ஷனை நாம் மாட்டினோமா? எங்கள் செக்‌ஷனில் இந்த நாலையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ‘இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று தலைப்பும் போட்டாயிற்று.

குவாலிட்டி டிபார்ட்மென்ட்காரர் வந்து அதைப் படித்துவிட்டு, ‘எல்லாம் சரி சார், இதுல கையெழுத்து எங்கே, தேதி எங்கே?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேதி போட்டுவிட்டோம். 2009 ஜனவரி 1 அல்ல!